தகர டப்பாவில் ஏழு நாள்

ஜனவரி 12

அக்காவுக்கு,

இங்கே நலம் என்று ஆரம்பித்து, அடித்துவிட்டேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு தலையணை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

லிஃப்ட் கம்பெனியில் அதே நாற்காலி, அதே தொலைபேசி. எங்காவது லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம்தான் பேசுகிறார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் பயப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, உள்ளே எத்தனை பேர் என்று நோட்டில் எழுதுகிறேன். நான் எழுதுகிறதில் யாருக்காவது உடனே உபயோகப்படுவது அந்த நோட்டு ஒன்றுதான்.

இத்துடன் மூன்று கவிதைகள். பதிப்பாளர் ஜூன் மாதத்துக்குள் புத்தகம் வேண்டும் என்கிறார். ஆறாவது புத்தகம். வழக்கம்போலச் செய். மூன்று தரம் படி. தகர டப்பாவில் போட்டு மூடு. ஏழு நாள் தொடாதே. எட்டாம் நாள் டப்பாவைத் திறக்காமல், மனதில் நிற்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. பிறகு என் தாளைப் பார்க்காமலே கிழித்துப் போடு. என்னிடம் நகல் கிடையாது, சத்தியமாக.

உனக்குத் தெரியாததா? இருந்தாலும் வருஷத்தின் முதல் கடிதத்தில் இதை எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. எனக்குப் பதினேழு, உனக்கு இருபத்தைந்து. நீ மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த புதிது. அலமாரி அலமாரியாக மருந்துப் பெயர்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாய். நான் நடுவில் புகுந்து நாற்பது வரிக் கவிதை ஒன்றைப் படித்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் இரண்டு வரி சொன்னாய். "மீதி எங்கே?" என்றேன். "மீதி தேறலடா" என்றாய். அந்த இரண்டு வரிதான் என் முதல் புத்தகத்தின் முதல் கவிதை. ஒரே ஒரு தடவை நான் திருட்டுத்தனமாக நகல் வைத்து, நீ விட்ட வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "என் தலை மேல நம்பிக்கை இல்லேன்னா வேற தலையைப் பாரு" என்று கத்திக் கிழித்தெறிந்தாய். அதிலிருந்துதான் கிழிப்பதும் விதியாயிற்று.

முப்பத்தொரு வருஷம். நானூறு மருந்துப் பெயர்கள் இருக்கிற தலையில் இடம் பிடிக்க முடியாத வரி, யார் தலையிலும் இடம் பிடிக்காது. இதைத் தவிர எனக்குக் கவிதையைப் பற்றி வேறு எதுவும் தெரியாது.

தம்பி


ஜனவரி 29

தம்பிக்கு,

வந்துச்சு. படிச்சேன். டப்பாவுல போட்டேன். ரெண்டு தேறிச்சு.

ஒண்ணு:
கதவு திறந்தது.
யாரும் இறங்கவில்லை.

இன்னொண்ணு:
குடை காய்ந்துவிட்டது.
இனி என்ன.

மூணாவது வரவே இல்ல. தூக்கிப் போடு. கோவிச்சுக்காதே புலவரே, அழுது வடியற கவிதை எல்லாம் என் தலையில ஒட்டாது.

கடையில என்னைக் கவுண்டர்லேர்ந்து பின்கட்டுக்கு மாத்திட்டாங்க. லேபிள் ஒட்டற வேலை. முழங்கால் வலின்னு நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். உக்காந்த இடத்துல வேலை, சொகுசுதான். புதுசா வந்திருக்கற பொண்ணு கவுண்டர்ல நிக்கறா. அவளுக்கு எந்த மருந்து எங்கேன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. எனக்கு எரிச்சலா இருக்கு.

மக நல்லா இருக்கா. நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி கேஸ் சிலிண்டரை மூடிட்டு வெளிய போறா. எதுக்குன்னு கேட்டா சிரிக்கறா.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

பதிப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சார், இவ்வளவு இறுக்கமா நீங்க எழுதினதே இல்ல" என்றார். போன வருஷம் நீ திருப்பி அனுப்பிய பன்னிரண்டையும், இந்த இரண்டையும் சேர்த்துப் படித்திருக்கிறார். துக்கம் என்னைச் செதுக்கிவிட்டதாம். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உளி உன் கையில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் 'யாரும் இறங்கவில்லை' என்று எழுதவில்லை அக்கா. 'எல்லோரும் இறங்கினார்கள்' என்று எழுதி, அதற்குப் பிறகு இருபத்தாறு வரி அவர்கள் முகங்களைப் பற்றி எழுதியிருந்தேன். நீ ஒரே அடியில் கவிழ்த்துவிட்டாய். இதற்கு முன்னால் நீ வரியை விட்டதுண்டு, மாற்றியதில்லை. முதலில் சுருக்கென்றது. அப்புறம் நாள் முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தேன். நீ எழுதியதுதான் சரி. வைத்துக்கொண்டேன்.

இப்போது அனுப்புவது வேறு மாதிரி. ஒரே கவிதை, எண்பத்து நான்கு வரி. பதினோரு மாதம் எழுதியிருக்கிறேன். அவளைப் பற்றி. அவள் என் கவிதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை, உனக்குத் தெரியும். "உங்க அக்கா படிக்கறாங்களே, போதாதா?" என்பாள். அதில் குத்தல் இருந்ததா, இடம் விட்டுக்கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதுவும் இந்தக் கவிதையில் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் அவள் லென்ஸ் தேய்த்த கை இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் இருக்கிறது.

எழுதுவது சந்தோஷமான காரியம் என்று சின்ன வயதில் யாரோ சொல்லி ஏமாற்றிவிட்டார்கள். அப்படியில்லை. காலையில் ஒரு வரி வரும், சாயங்காலம் அது பொய் என்று தெரியும். பொய்யை அடித்துவிட்டு வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் முக்கால் ஆயுசு. ஆனாலும் இதை விட்டால் எனக்குப் போக இடமில்லை. கவிதையை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். இப்போது அவளும் இல்லாத வீட்டில் இருக்கிறேன்.

இந்தத் தடவை மட்டும், தயவுசெய்து, கொஞ்சம் நிதானமாகப் படி.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

தாமசம் ஆயிடுச்சு. தப்பா நினைக்காதே. இதுதான் நின்னது:

குழாயை இறுக மூடு என்று
யாரோ சொல்கிறார்கள்.
மூடியிருக்கிறேன்.
இன்னும் சொட்டுகிறது.

வேற ஒண்ணுமில்ல. டப்பா மூடி இப்பல்லாம் சரியா உக்கார மாட்டேங்குது. அழுத்தி அழுத்திப் பார்க்கறேன், எழும்பிக்கிட்டு நிக்குது. பழைய டப்பா, நெளிஞ்சுபோச்சு போல. புதுசு வாங்கணும்.

வெயில் ஆரம்பிச்சாச்சு, தண்ணி நிறையக் குடி. வீட்டுல அவளைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா


மார்ச் 9

அக்கா,

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் தணியவில்லை. தணியாமலே எழுதுகிறேன்.

எண்பத்து நான்கு வரியில் ஒன்றுகூட உன் தலையில் நிற்கவில்லையா? ஒன்றுகூடவா? நீ அனுப்பிய நாலு வரி என்னுடையதே இல்லை. என் கவிதையில் குழாயும் இல்லை, தண்ணீரும் இல்லை. போன தடவை நீ மாற்றியதை நான் பாராட்டியது தப்பாகப் போயிற்று. இந்தத் தடவை மொத்தமாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒழுகுகிற குழாயை வைத்திருக்கிறாய்.

உனக்கு அவளைப் பிடிக்காது. கல்யாணத்தன்றே, "இவ உன் எழுத்தைத் தொடமாட்டா பாரு" என்று எல்லோர் எதிரிலும் சொன்னாய். அவள் செத்த சேதி சொல்லி மூன்றாம் நாள் வந்தாய். பஸ் கிடைக்கவில்லை என்றாய். வந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், மருந்துச் சீட்டுகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கிவைத்துவிட்டுப் போனாய்.

இப்போது கடைசி வரியில், 'அவளைக் கேட்டதாச் சொல்லு' என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் சொல்ல? எங்கே போய்ச் சொல்ல? கடிதத்தை எப்படி முடிப்பது என்ற பழக்கதோஷமா, வேண்டுமென்றே செய்ததா? பழக்கதோஷம் என்றால் அதுதான் இன்னும் மோசம்.

விதி விதிதான். நீ என் தாளைக் கிழித்திருப்பாய். என்னிடம் நகல் இல்லை. உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தேன், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஏழெட்டு வரி வருகிறது, அதுவும் தாறுமாறாக. என் கவிதை எதுவும் எனக்கு மனப்பாடம் கிடையாது. உன் தலை இருக்கிறது என்ற தைரியம். கட்டிலில் படுத்துக்கொண்டே அவள் என் கண்ணாடியைக் கேட்டு வாங்கினாளே, அந்த இடத்தை நான் எப்படி எழுதியிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் இரண்டாம் தடவை போய்விட்டாள். இந்தத் தடவை அனுப்பிவைத்தது நீ.

இனி கவிதை அனுப்பமாட்டேன். கடிதமும்தான்.


மார்ச் 21

தம்பிக்கு,

நல்லாத் திட்டியிருக்கே. நாலு தரம் படிச்சேன். விதிக்கு மேல ஒரு தரம் கூட.

நான் உன் வீட்டுக்காரியை வெறுக்கல. ஆரம்பத்துல பொறாமை இருந்துச்சு, இல்லேன்னு சொல்லமாட்டேன். நீ எழுதினதைப் படிக்காமலே உன்கூட இருக்க ஒருத்தி வந்துட்டாளே, அப்ப படிக்கறவ எதுக்குன்னு இருந்துச்சு. அது எப்பவோ போயிடுச்சு.

ஆனா நானும் ஒண்ணு கேக்கறேன். முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவையாவது, "அக்கா, உனக்கு இது பிடிச்சிருக்கா?"ன்னு கேட்டியா? ஞாபகம் இருக்கான்னுதான் கேப்பே. மகளுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அனுப்பினே. அவ அப்பா என்னை விட்டுட்டுப் போன வாரம் அனுப்பினே. நான் எந்த லட்சணத்துல இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? அந்த வாரம் ஒரு கவிதையில ஏழு வரி விட்டேன். அது மோசமா இருந்ததனால விட்டேன்னு நினைச்சே. எனக்கு அழுகையில எதுவும் ஏறல, அவ்வளவுதான். அதுல ஒரு வரி நல்ல வரியா இருந்திருக்கும். எனக்குப் பிடிச்சும் நிக்காதது எவ்வளவோ இருந்துச்சு. அதை எழுத நீ எனக்குத் தாள் கொடுத்ததே இல்ல.

மனுஷியோட தலைடா இது. நீ அதை எடை மெஷின்னு நினைச்சுக்கிட்டே.

அவளைக் கேட்டதா எழுதினது ஏன்னு எனக்குத் தெரியல. நிஜமாத் தெரியல. இதை நம்பு.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன். போன வாரம் உன் மகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க, ஆனா எனக்கு வேற யார் இருக்காங்க?" என்று அழுதாள். டாக்டர் சொன்னது, மூளையை எடுத்த ஸ்கேன் படங்கள், நீ போன மாதம் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனையில் நின்றது, எல்லாம் சொன்னாள். இரண்டு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருக்கிறதாம். குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறாயாம். 'குழாயை இறுக மூடு' என்று நாள் முழுக்க உன்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

போனை வைத்துவிட்டு உன் நாலு வரியை எடுத்துப் படித்தேன்.

இரண்டு வருஷம். நீ மறந்துகொண்டிருந்தாய், நான் வெட்டிக்கொண்டிருந்தேன். உன் நோய் என் நடையாகிவிட்டது. பதிப்பாளர் அதை மெச்சுகிறார். யாரிடம் சொல்லி அழ?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உன் மகள் பேசுவதற்கு முன்னால், ஏப்ரலில் நடந்தது. ஒரு துணிக்கடை லிஃப்டில் ஒரு அம்மாள் தனியாக மாட்டிக்கொண்டார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில். விளக்கும் அணைந்துவிட்டது. மெக்கானிக் வர முக்கால் மணியாயிற்று. அந்த அம்மாள், "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்றார். எனக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. கவிதை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஐந்து புத்தகம் எழுதியவன், ஒரு வரி வரவில்லை. கடைசியில் வந்தது உன் குழாய்தான். நாலு வரியும் தப்பில்லாமல் வந்தது. "எங்க வீட்லயும் சொட்டுதுங்க" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். கதவைத் திறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். விதிப்படி பார்த்தால் உன் நாலு வரி தேறிவிட்டது அக்கா. நான் தேறவில்லை.

நான் மார்ச்சில் எழுதியதைக் கிழித்துப் போடு. அவளைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாயே, நேற்று அவள் படத்தின் முன்னால் நின்று சொல்லிவிட்டேன். அக்கா உன்னைக் கேட்டாள் என்று.

முப்பத்தொரு வருஷம் தாமதமாகக் கேட்கிறேன். நான் எழுதியதில் உனக்கு எது பிடிக்கும்?

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

இன்னிக்கு நல்ல நாள். நல்ல நாள்னா என்னன்னு மக உனக்குச் சொல்லியிருப்பா. அதான் சட்டுன்னு உக்காந்து எழுதறேன்.

எல்லாம் சொல்லிடறேன். கவுண்டர்லேர்ந்து என்னை மாத்தினது முழங்கால் வலியால இல்ல. ஒரு கைக்குழந்தைக்குப் பெரியவங்க மருந்தை எடுத்துக் கொடுத்துட்டேன். அந்தப் புதுப் பொண்ணுதான் பார்த்து, ஓடிப்போய்த் தெருவுல பிடிச்சு வாங்கிட்டு வந்தா. அவ மேல எரிச்சல்னு எழுதினேன் இல்ல? அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழணும்போல இருந்துச்சு. இப்ப கடைக்கே போறதில்ல.

உன் வீட்டுக்கு மூணாம் நாள் வந்ததும் பஸ் கிடைக்காம இல்ல. பஸ் மாறி ஏறிட்டேன். வேற ஊர்ல இறங்கி, எங்க போகணும்னு வந்தேன்னே தெரியாம பெஞ்சுல உக்காந்திருந்தேன். மறுநாள் பைக்குள்ள உன் அட்ரஸைப் பார்த்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. வந்து உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? சாவு வீட்டுக்கு வழி மறந்துட்டேன்னா? அழ வந்துச்சு. அழுதா எல்லாத்தையும் உளறிடுவேன்னு பயந்து சீட்டை அடுக்கினேன்.

டாக்டர் மூணு சாமான் பேரைச் சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டார். ஏழு நாள் தாங்கின தலைகிட்ட அஞ்சு நிமிஷத்துல கேக்கறாங்க. ஒண்ணுதான் சொன்னேன். "மத்த ரெண்டும் தேறல டாக்டர்"னேன். மக சிரிச்சுட்டு வெளிய போய் அழுதா.

கவிதை விஷயம். எட்டாம் நாள் உக்காந்தா வெறும் தாள்தான். உனக்கு எப்படி வெறும் தாளை அனுப்பறது? நீ தாங்கமாட்டே. அதனால அன்னிக்குக் கண்ணுல என்ன பட்டுச்சோ அதை எழுதினேன். வராந்தாவுல குடை காஞ்சுக்கிட்டிருந்துச்சு. உன் கவிதையில கதவு திறந்தது மட்டும் நின்னுச்சு, மீதி ஆஸ்பத்திரி லிஃப்ட்ல பார்த்தது. திறந்துச்சு, யாரும் இறங்கல, நான் உள்ள இருந்தேன், எனக்கும் இறங்கத் தோணல. ரெண்டு வருஷமா வந்ததுல பாதி இப்படித்தான். உன் வரி உனக்கே மனப்பாடம் இல்ல, அதனால உனக்குத் தெரியல. நீ நல்லா இருக்குன்னு எழுதினே. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு.

இப்ப கேளு. டப்பா மூடி எழும்பி நிக்குதுன்னேனே. இன்னிக்குத் திறந்து பார்த்தேன். உள்ள பூரா உன் கையெழுத்து. ரெண்டு வருஷத்துத் தாளும் இருக்கு. நான் எதையுமே கிழிக்கலடா. கிழிக்க மறந்துட்டேன். எண்பத்து நாலு வரியும் அப்படியே இருக்கு. எண்ணிப் பார்த்தேன்.

அனுப்பறேன். மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டேன், இல்லேன்னா இதுவும் போயிடும்.

எது பிடிக்கும்னு கேட்டிருக்கே. இப்படிக் கேட்டா உடனே சொல்ல வரல. கேட்டதே போதும்னு எழுத நினைச்சேன். போதாது. யோசிச்சு எழுதறேன்.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். எண்பத்து நாலு வரியும் இருக்கிறது என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், எங்க மாட்டிக்கிச்சு?" என்றார்.

புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பதிப்பாளரிடம் உன்னைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். "பழைய தாளையெல்லாம் சேர்த்தா அந்த இறுக்கம் போயிடுமே சார்" என்றார். போகட்டும். நீளமாக, அழுது வடிந்துகொண்டு, தேறாத வரிகளோடு வரட்டும். உன் வரிகள் தனியாக, உன் பெயரில், கடைசிப் பக்கங்களில் வரும். நீ சம்மதித்தால்.

நினைவில் நிற்பதுதான் கவிதை என்று முப்பத்தொரு வருஷம் நம்பினேன். நின்றதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். நிற்காமல் போனதைப் படித்த நிமிஷத்தில் நீ சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம். அதெல்லாம் என் கணக்கில் வரவே இல்லை. அவளும் அப்படித்தான். அவள் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு மறந்துவிட்டது. அதனால் அவள் சொல்லவில்லை என்றாகிவிடுமா?

தாள் இன்னும் வரவில்லை. அவசரமில்லை என்று எழுத ஆசை, ஆனால் பொய். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்குப் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த மாதக் கடைசியில் அலுவலகத்தில் எனக்குப் பதிலாக ஒருவர் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். முப்பதாம் தேதி உன் வீட்டில் இருப்பேன். இதைப் படித்ததும் மகளிடம் கொடுத்துக் காலண்டரில் குறிக்கச் சொல்.

தம்பி


ஜூலை 23

தம்பிக்கு,

நல்லா இருக்கியா? ரொம்ப நாளா உன்கிட்டேர்ந்து லெட்டரே இல்ல. வேலை அதிகமா?

இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். டப்பாவுல இருந்துச்சு. மேல 'தம்பிக்கு அனுப்பணும்'னு சீட்டு ஒட்டியிருக்கு, என் கையெழுத்துதான், ஆனா நான் எப்ப எழுதினேன்னு தெரியல. மக சொல்றா, இதை ஒரு மாசமா தினமும் எடுத்துப் படிச்சு, தினமும் அழறேனாம். உறைக்குள்ள போடறதுக்குள்ள மறுபடி படிக்க ஆரம்பிச்சுடறேனாம். எனக்கு இன்னிக்குத்தான் படிச்ச மாதிரி இருக்கு.

கவிதை. ரொம்ப நீளம். யார் எழுதினதுன்னு கீழ பேர் இல்ல. பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஆள் யாரோ எழுதியிருக்கார். அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கா. அந்த நிலையிலயும் அவர் கண்ணாடியைக் கழட்டித் தரச் சொல்லி, போர்வை நுனியால தொடைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, அவர் மூக்குல மாட்டிவிடறா. 'இப்போது பார்' அப்படீங்கறா. அவர் பார்க்கறார். அதோட அவ போயிடறா. எனக்கு அதுக்கு மேல படிக்க முடியல, கொஞ்சம் நிறுத்திட்டு அப்புறம் படிச்சேன்.

நீயா இருக்காதுன்னு தெரியும். நீ எப்பவும் நாலு வரிக்கு மேல எழுதமாட்டே. இவர் உனக்குத் தெரிஞ்சவரா இருந்தா நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு வரியையும் எடுக்க வேணாம். ஞாபகம் இருக்குமான்னு என்னைக் கேக்க வேணாம், இருக்காது. எனக்குப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லு. நீயும் அவர்கிட்ட கொஞ்சம் கத்துக்கோ, எப்பப் பார்த்தாலும் வெட்டிக்கிட்டே இருக்காதே.

இதைப் படிச்சதும் உன் வீட்டுக்காரி ஞாபகம்தான் வந்துச்சு. அவளும் கண்ணாடிக் கடைதானே? நல்ல பொண்ணுடா. நான்தான் அவகிட்ட சரியாப் பேசினதே இல்ல. ஒரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. அவளைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா